உடைய வேண்டிய போல்ட்

கென்டக்கியில், கோழிப்பண்ணைகள் முடிகிற இடத்தில்
இரண்டாவது வளைவு.
ஓக் மரத்தில் சங்கிலியால் கட்டி
சாய்த்து நிறுத்தியிருந்தார் டெல்பர்ட் ஸ்டாம்ப்பர்,
ஐந்தடி அகல ரோட்டரி கட்டரை.
அறுநூற்றைம்பது டாலர்.
"ஒரு கல்லில்கூடப் பட்டதில்லை, மேடம்."

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
காசு கொடுக்கிறவள் நான்.
குனிந்து அடிவயிற்றுக்குள் டார்ச் அடித்தேன்.
கத்தி இரண்டிலும்
பிறை பிறையாய்க் கடிவாய்.
கியர்பாக்ஸின் கீழே எண்ணெய்,
சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி.
"கல்லில் பட்டிருக்காதுதான்" என்றேன்,
"மலையாக இருக்கும்."
அவர் சிரித்தார்.
அந்தச் சிரிப்பில் நூற்றுப்பத்து டாலர் குறைந்தது.

டிரெய்லர் கார்வினுடையது.
மார்ச் வரை என்னுடையதும்தான்.
நீதிபதி பிரித்துக் கொடுத்ததில்
டிராக்டர் எனக்கு, டிரெய்லர் அவனுக்கு.
ஆக, ஒரு கருவி வாங்க
இரண்டு பேரும் கிளம்ப வேண்டியிருக்கிறது.
வழி முழுக்க
ரேடியோவில் சோயா விலை கேட்டோம்.
இருவருமே சோயா போட்டதில்லை.

"பின்னால வா."
"இன்னும்."
"இன்னும் கொஞ்சம்."
"நில்லு நில்லு நில்லு!"

இடது கரம் பொருந்தியது.
வலது கரம் ஒரு விரற்கடை தள்ளி நின்றது.
இறங்கினேன். கடப்பாரையால் நெம்பினோம்.
வலது பொருந்தியது, இடது விலகியது.
ஏறினேன்.
இப்படிப் பதினோரு முறை.
பன்னிரண்டாம் முறை
பின் துளைக்குள் விழுந்த சத்தத்துக்கு
இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்து,
உடனே
அவன் டயரைப் பார்த்தான்,
நான் வானத்தை.

ஷாஃப்ட் நாலங்குலம் நீளம்.
யாருடைய பெரிய டிராக்டருக்கோ அளவெடுத்தது.
அப்படியே மாட்டித் தூக்கினால்
குழாய் குழாயை முட்டி
கியர்பாக்ஸ் பிளந்துவிடும்.
கார்வின் மூன்று தரம் அளந்து சாக்பீஸால் கோடு போட்டான்,
நான் ரம்பத்தால் அறுத்தேன்.
உள்குழாய், வெளிக்குழாய், மேலே பிளாஸ்டிக் உறை,
எல்லாவற்றிலும் அதே நாலங்குலம்.
பிசிறு தேய்த்து, கிரீஸ் பூசி நுழைத்ததும்
பழகிய சாவி போல வழுக்கிப் போனது.

அப்போதுதான் பார்த்தேன்
ஷாஃப்டின் கழுத்தில் அந்த போல்ட்டை.
தலையில் ஆறு கோடுகள்,
லாரிக்குப் போடுகிற இரும்பு.

"கெட்டியானதுதானே, விடு" என்றான்.

கெட்டியாக இருப்பதுதான் கோளாறு.
கத்தி எதிலாவது மோதினால்
முதலில் உயிரை விடவேண்டியது இது.
நாற்பது சென்ட் சமாச்சாரம்.
இது சாக மாட்டேன் என்று நின்றால்
அடி ஷாஃப்டுக்குப் போகும், அங்கிருந்து பல்சக்கரத்துக்கு,
அங்கிருந்து என் டிராக்டரின் குடலுக்கு.
இதையெல்லாம் இப்படிச் சொல்லவில்லை.
"தப்பான போல்ட்" என்று மட்டும் சொன்னேன்.
அவன் வாதாடவில்லை.
ஸ்பேனரை எடுத்துக் கழற்றினான்,
கையில் வைத்து எடை பார்த்தான்,
"எதுக்காவது ஆகும்" என்று
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து
நான் கொடுத்த ஹாம் சாண்ட்விச்சைத் தின்றான்.
ஓரத்தை எப்போதும்போல் நாய்க்குப் போட்டான்.
போய்விட்டான்.

சனிக்கிழமை பனி காய்ந்ததும் இறக்கினேன்.
இடுப்பளவு புல், சுமாக், பிளாக்பெர்ரி முள்.
போகும் முன் காடு,
திரும்பிப் பார்த்தால்
அவசரத்தில் முடிவெட்டிய தலை.
மூன்று வருஷமாய்த் தெரியாதிருந்த வேலி தெரிந்தது.
வேலி சாய்ந்திருந்ததும் தெரிந்தது.

குளத்துப் பக்கம்,
டங்.

ஒரே ஒரு டங்.
எஞ்சின் மட்டும் பாரம் இல்லாமல் ஓடியது,
கேட்க ஆளில்லாதவன் பேச்சு போல.
அணைத்தேன். சாவியைப் பையில் போட்டேன்.
கத்தி சுற்றி ஓயும்வரை இருக்கையில் இருந்தேன்.
புல்லுக்குள், யார் விட்டுப்போனதோ,
பாதி புதைந்த இரும்புக் கட்டில் கால்.
கழுத்தில் போல்ட் இரண்டாய்ப் போயிருந்தது,
வெட்டு வாய் புதுக் காசாய் மின்ன.
மற்றதெல்லாம் முழுசு.

மிச்சத் துண்டைத் தட்டி வெளியே தள்ளி
இன்னொன்று முடுக்கினேன்.
பையில் இன்னும் ஐந்து.
வயல் பாதிக்கு மேல் மிச்சம்.